பக்கத்துப் படுக்கையில் கிருமி இல்லை

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே கை கழுவும் தொட்டி ஒன்று இருந்தது. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினால்தான் உள்ளே விடுவார்கள். அங்கேதான் ரெஜினா பழக்கமானாள். அவள் மகள் ஜெனியும் என் மகன் கவினும் அடுத்தடுத்த படுக்கைகளில் எக்மோவில் (இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் உடலுக்கு வெளியே இருந்து செய்யும் இயந்திரம்) இருந்தார்கள்.

கவினுக்கு ஏழு வயது. மோகனூரில் சாதாரணக் காய்ச்சலாகத்தான் தொடங்கியது. மூன்றாம் நாள் பள்ளிப் பையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டான். இதயத் தசை அழற்சி (கிருமியால் இதயத்தின் தசை வீங்கித் துவண்டுபோவது) என்றார்கள். சேலத்துக்குக் கொண்டுவந்த அன்றே கழுத்தில் குழாய்கள் போட்டார்கள். ஜெனிக்கும் அதே நோய்.

முதல் நான்கு நாட்கள் நானும் ரெஜினாவும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம்.

ஐந்தாம் நாள் கவினின் ரத்த அழுத்தம் இறங்கியது. ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றார் டாக்டர்.

“காய்ச்சலே இல்லீங்களே டாக்டர்?”

“ரத்தத்தோட சூட்டை மெஷினே சரி பண்ணிடும்மா. அதனால காய்ச்சல் வெளிய தெரியாது. டெஸ்ட்லதான் தெரியும்.”

“பக்கத்துப் புள்ளைக்கு வரலீங்களே. எம் பையனுக்கு மட்டும் ஏனுங்க?”

“குழாய் உள்ள இருக்கற ஒவ்வொரு நாளும் கிருமி நுழைய வழி இருக்கு. எவ்வளவு சுத்தமா பாத்தாலும் சில பேருக்கு வந்துடுது. இதுல யாரையும் கைகாட்ட முடியாது.”

அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. என் கண் ஜெனியின் படுக்கையில் இருந்தது. அதன்பின் தினமும் உள்ளே போனதும் அவளுடைய திரையில் ஓடும் எண்களைத்தான் முதலில் பார்த்தேன். அவை நன்றாக இருந்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

“அக்கா, ஜெனிக்கு மெஷினைக் கொறைச்சுப் பாக்கப் போறாங்களாம்” என்று ரெஜினா என் கையைப் பிடித்தாள். நான் கையை உருவிக்கொண்டேன்.

மறுநாள் காலை செவிலியரிடம் சொன்னேன்: “அந்தம்மா கை கழுவாமயே எம் பையன் குழாயைத் தொட்டாங்க சிஸ்டர்.”

பொய். அவள் என்னைவிட அதிக நேரம் கை கழுவுகிறவள்.

விசாரித்து முடிக்கும்வரை இரண்டு நாள் அவளை உள்ளே விடவில்லை. இரண்டாம் நாள் ஜெனியை இயந்திரத்திலிருந்து எடுத்தார்கள். மயக்க மருந்தைக் குறைத்ததும் கண் திறந்தாள். அப்போது நான் உள்ளே இருந்தேன். ரெஜினா கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

கவினுக்கு மருந்தை மாற்றினார்கள், குழாய்களையும் மாற்றினார்கள். பதினோராம் நாள் அவனையும் இயந்திரத்திலிருந்து எடுத்தார்கள். நடக்கவே திரும்பப் பழக வேண்டியிருந்தது.

வீடு வந்து இரண்டு மாதம் கழித்து ரெஜினாவுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன்.

“ஜெனி கண்ணு முழிச்சப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்களாக்கா?”

“இருந்தேனுங்க.”

“என்ன பண்ணா?”

“வாயில மூச்சுக் குழாய் இருந்ததால பேச முடியல. கண்ணாலயே தேடுச்சுங்க.”

போனை வைத்துவிட்டாள். பிறகு நான் அழைத்தபோதெல்லாம் எடுக்கவில்லை.

உங்கள் குழந்தையும் அந்த இயந்திரத்தில் இருந்தால், பக்கத்துப் படுக்கையைப் பார்த்து உங்களுக்கும் வயிறு எரியலாம். எரிந்தால் வெளியே போய் உட்கார்ந்துவிடுங்கள். அந்த நேரத்தில் யாரைப் பற்றியும் யாரிடமும் பேசாதீர்கள்.

கவினின் கழுத்தில் தழும்பு தடித்திருக்கிறது. காலையில் அவன் எழுமுன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். இமை அசைந்து, கண் திறந்து, அவன் என்னைக் கண்டுகொள்ளச் சில நொடிகள் ஆகின்றன. முன்பு அதையெல்லாம் நேரமென்றே நான் நினைத்ததில்லை. இப்போது அந்தச் சில நொடிகள் ஒரு முழுப் பகலாக நீள்கின்றன. அவன் என் கழுத்தை வளைத்துக் கட்டிக்கொள்ளும்போது, அப்படியே அசையாமல் இருக்கிறேன்.