என் தப்பு ஆங்கிலமும் ஆண்டவர் தந்த பதிலும்

போன இலையுதிர்காலத்தில் ஒரு வேலை நாள் காலை. ஆக்லாந்து நகரின் தகனினி பகுதியில், எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றபடி என் கணவர் ஜெபராஜ் காபி குடித்துக்கொண்டிருந்தார். மோட்டார்வேயில் நெரிசல் கூடுவதற்குள் கிளம்ப வேண்டும் என்ற அவசரம். என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சத்தம் வரவில்லை. கோப்பை கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது.

பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த எங்கள் மகள் ஷாரன்தான் ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். நான் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "இயேசப்பா, இயேசப்பா" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் வரவில்லை.

பக்கவாதம் என்றார்கள். மருத்துவமனையில் போன் வழியாக மொழிபெயர்ப்பாளர் கிடைப்பதற்குள் டாக்டர் சில விஷயங்களை உடனே கேட்க வேண்டியிருந்தது. ஷாரன் நடுவில் நின்றாள்.

"அம்மா, அப்பாவோட பிரெயின்ல ரத்தம் அடைச்சிருக்காம். உயிருக்குப் பயமில்லையாம். ஆனா பேச்சு திரும்ப வருமான்னு இப்ப சொல்ல முடியாதாம்."

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. எந்தப் பிள்ளைக்கும் அந்த வேலை வரக்கூடாது.

நான் நாகர்கோவிலில் தமிழ் வழியில் படித்தவள். ஆக்லாந்துக்கு வந்து இத்தனை ஆண்டுகளாகியும் ஆங்கிலம் பேசுவது என்றால் எங்கள் வீட்டில் அவர்தான். பள்ளிக்கூடம், டாக்டர், பேங்க், பக்கத்து வீடு, எல்லா இடத்திலும் அவர் பேசுவார், நான் சிரித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். அதனால் அவருடைய பேச்சு போனபோது என் பேச்சும் சேர்ந்தே போய்விட்டது.

சில வாரங்கள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கொஞ்சம் நடந்தார். வலது கை எழவில்லை. "அ… அ…" என்பதைத் தவிர வாயில் ஒன்றும் இல்லை. நான் சொல்வது எல்லாம் அவருக்குப் புரிந்தது, அதுதான் கொடுமை. பதில் சொல்ல முயன்று, முடியாமல், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். "ஆண்டவரே, அவர் நாவைத் திரும்பத் தாரும்" என்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவேன். வானம் அடைத்துக்கொண்டது போலிருந்தது.

எங்கள் ஜெபக் குழுவிலிருக்கும் வதனி அக்கா பிளாக்ஹவுஸ் பேயிலிருந்து ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஜெபம் முடிந்ததும் சொன்னார்:

"எஸ்தர், நீர் அவருக்கு மட்டும்தான் கேக்கிறீர். உமக்கும் சேர்த்துக் கேளும். இனி டொக்டர்மாரோட கதைக்கப்போறது நீர்தானே?"

"எனக்கு எதுக்கு அக்கா? அவர் பேசினா போதும்."

"ஓம், அவருக்கும் வரும். உமக்கும் கேளும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் அன்று முதல் அதையும் சேர்த்துக் கேட்டேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஜூலி என்ற பெண்மணி வீட்டுக்கு வருவார். ஒருநாள் ஜன்னல் ஓரத்தில் வரிசையாக நின்ற வாழ்த்து அட்டைகளைப் பார்த்தார். கணவரின் ஆபீஸ் நண்பர்கள் அனுப்பியவை. ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்து, அவருக்குத் தினமும் சத்தமாக வாசித்துக் காட்டு என்று நிதானமாகவும் சைகையாலும் புரியவைத்தார்.

எனக்கு ஆங்கிலம் வராதே என்று தலையாட்டினேன். பரவாயில்லை என்று அவரும் தலையாட்டினார்.

மறுநாள் காலை என் கணவருக்கு எதிரே உட்கார்ந்தேன். முதல் அட்டையில் பெரிய எழுத்தில் 'ஹேங் இன் தேர்' என்றிருந்தது. 'ஹேங்' என்றால் என்னவென்று போனில் தேடினேன். தொங்கு, தூக்கிலிடு என்று வந்தது. பதறிவிட்டேன்.

"என்னங்க இது! முடியாம கிடக்கிற மனுஷனுக்கு யாராவது இப்படி எழுதுவாங்களா?"

அவர் தோள் குலுங்கியது. வலிப்பு வந்துவிட்டதோ என்று எழுந்தே விட்டேன். இல்லை, சிரிக்கிறார்! நோய் வந்த பிறகு முதல் சிரிப்பு. சத்தம் கேட்டு ஷாரன் ஓடி வந்தாள். "அம்மா! இட் மீன்ஸ் டோன்ட் கிவ் அப்!" தளராதே என்று அர்த்தமாம். மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

அதிலிருந்து அதுவே எங்கள் காலை ஜெபத்துக்குப் பிந்தைய வேலையானது. அட்டைகள் தீர்ந்ததும் பால் கேனில் எழுதியிருப்பது, சீரியல் பெட்டி, தபால் பெட்டியில் விழும் விளம்பரத் தாள், சபை அறிவிப்பு என்று கைக்கு வந்ததை வாசித்தேன். தப்பாக உச்சரித்தால் இடது கையைத் தூக்குவார். பாதி நேரம் கை தூக்கியபடியேதான் இருக்கும்.

குளிர்காலமும் முடிந்தது. அவரிடம் பேச்சு மட்டும் வரவில்லை. மாற்றம் தெரியாவிட்டால் வருகையைக் குறைக்க வேண்டியிருக்கும் என்று ஜூலி மெல்லச் சொன்னார். பாதி வார்த்தைகளில் புரிந்தது, மீதி அவர் முகத்தில். அந்த வாரம் உபவாசம் இருந்தேன். "ஒரே ஒரு வார்த்தை போதும் ஆண்டவரே" என்று கெஞ்சினேன்.

உபவாசம் முடித்த மறுநாள், நூலகத்திலிருந்து கொண்டுவந்த ஒரு தாளை வாசித்தேன். "ஃப்ரீ இங்கிலீஷ் கிளாஸ். எவ்ரி வெட்னஸ்டே."

கை எழுந்தது. மறுபடி வாசித்தேன். கை இறங்கவில்லை.

"வெட்-னஸ்-டே. எழுத்து அப்படித்தானங்க இருக்கு! நான் என்ன செய்யட்டும்?"

"வெ… வென்ஸ்டே."

யார் பேசியது என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பிறகுதான் அவரைப் பார்த்தேன். அவருக்கே நம்ப முடியவில்லை.

"என்னங்க, இன்னொரு தடவை."

"வென்ஸ்டே."

கனத்த, கரகரத்த குரல். ஆனால் என் கணவரின் குரல். அவர் அழுதார். நான் தரையில் முழங்காலில் விழுந்துவிட்டேன்.

ஷாரன் பள்ளியில் இருந்தாள். காத்திருக்க முடியவில்லை. நானே ஜூலியின் எண்ணை அழுத்தினேன். "ஜூலி, மை இங்கிலீஷ் ராங். ஜெபராஜ் கரெக்ட் மீ! ஹி டாக்!"

மறுமுனையில் ஜூலி, "எஸ்தர், இஸ் தட் யூ?" என்றார்.

"யெஸ். ஒன்லி மீ" என்றேன். சொன்ன பிறகுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதே எனக்கு உறைத்தது. நான் கேட்ட இரண்டையும் ஆண்டவர் ஒரே காலையில் தந்திருந்தார்.

ஜூலி தொடர்ந்து வந்தார். அவருடைய பொறுமைக்கும் மருத்துவர்களின் உழைப்புக்கும் நன்றி சொல்கிறேன். அவர்களை எங்களுக்குத் தந்தவருக்கும் நன்றி சொல்கிறேன். இன்று என் கணவர் மெதுவாகப் பேசுகிறார். களைத்தால் வார்த்தை தடுமாறும். வலது கை இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. வீட்டிலிருந்தே கொஞ்ச நேரம் வேலை பார்க்கிறார். நான் நூலக வகுப்புக்குப் போகிறேன். சென்ற முறை பள்ளியில் ஆசிரியரைப் பார்க்கப் போனபோது ஷாரன் உள்ளே வர எழுந்தாள். "நீ வேண்டாம், போய் ஃபிரண்ட்சோட இரு" என்றேன். துள்ளிக்கொண்டு ஓடினாள்.

இந்த ஊரில் ஆங்கிலத்துக்குப் பயந்து கதவுக்குள்ளேயே இருக்கும் சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஆண்டவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, மேசைமேல் கிடக்கும் ஏதாவது ஒரு தாளை எடுத்துச் சத்தமாக வாசியுங்கள். தப்பு வருமே என்று கூச்சப்படாதீர்கள். நான் அன்று சரியாக வாசித்திருந்தால், என் கணவர் வாய் திறந்திருக்கவே மாட்டார்.