மைனஸ் ஒன்றில் ஏறுகிறவர்

எங்கள் கொதிகலன் நிலையத்தில் ஷர்ஷெனுக்கு ஒரே வேலை. கூரைமேல் இருக்கும் வெப்பமானி பழுது என்று கம்ப்யூட்டர் அலாரம் அடித்தால், கால் மணி நேரத்துக்குள் ஏறிப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். இரும்பு ஏணி, இருபத்தாறு படி. அவருக்கு அப்போது வயது அறுபத்தொன்று. பென்ஷனுக்கு இன்னும் இரண்டு குளிர்காலம். இடது முழங்கால் போய்விட்டது என்பது அவர் மனைவிக்கும் எனக்கும் மட்டும் தெரியும். நிர்வாகத்துக்குத் தெரிந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

வெளியே மைனஸ் ஒன்று டிகிரியாக இருக்கும்போதுதான் அலாரம் அடித்தது. மைனஸ் இரண்டில் இல்லை, பூஜ்யத்திலும் இல்லை. எங்கள் பிஷ்கெக் நகரில் குளிர்காலத்தில் வெப்பம் மைனஸ் ஒன்றைக் கடக்காத நாள் குறைவு. காலையில் வெப்பம் ஏறும்போது ஒரு தடவை, மாலையில் அது இறங்கும்போது ஒரு தடவை. ஒரு குளிர்காலத்தில் பிப்ரவரி வருவதற்குள் ஷர்ஷென் எண்பத்துமூன்று தடவை ஏறி, எண்பத்துமூன்று தடவை ‘கருவி நலம்’ என்று எழுதினார். எதிர்க் குடியிருப்புப் பெண்கள் அவரை ஏணியில் பார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்குத் தொப்பி மாட்டினார்கள்.

பிப்ரவரியில், இறைச்சி வைத்துச் சுட்ட சூடான சம்சா பொட்டலத்தோடு நகர அலுவலகத்துக்குப் போனார். துணைக்கு நான். புரோகிராமைப் பார்த்துக்கொள்ளும் புருல், அரை நாளில் காரணத்தைக் கண்டுபிடித்தாள். புரோகிராமுக்கு அடியில் சி என்ற கணினி மொழியில் எழுதிய சின்னச் சின்னத் துண்டுகள். எழுதியவர் வேலையை விட்டுப் போய் வருஷங்கள் ஆகின்றன.

“ஜூலை மாசத்துல எழுதியிருக்கார், பைகே,” என்றாள், அண்ணன் முறை வைத்து. “எத்தனை டிகிரின்னு கேட்டா சொல்லுது. சொல்ல முடியலேன்னா மைனஸ் ஒண்ணுன்னு சொல்லுது.”

“மைனஸ் ஒண்ணும் டிகிரிதானேம்மா?”

“ஜூலையில இல்லியே.”

பூஜ்யம் என்று சொல்லியிருக்கலாமே என்றார். அதுவும் சிக்கல்தான் என்றாள் புருல். பம்பைக் கவனிக்கும் துண்டு பூஜ்யம் தந்தால் எல்லாம் சரி. வால்வைக் கவனிக்கும் துண்டு பூஜ்யம் தந்தால் வால்வு சிக்கிக்கொண்டது. எல்லாவற்றுக்கும் சேர்த்து மேலே ஒரே ஒரு குறிப்பு: ‘பிழை நேர்ந்தால் உரிய எண்ணைத் தரும்.’

“உரியதுன்னா யாருக்கு உரியது?” என்று ஷர்ஷென் கேட்டார். புரோகிராம் எழுதியவர் அதை எழுதவில்லை என்றாள்.

பழுது வந்தால் புரோகிராம் காரணத்தை ஓர் இடத்தில், சிலேட்டில் எழுதுவதுபோல எழுதி வைக்கவும் செய்கிறது. ஆனால் பிறகு சரியானாலும் அழிப்பதில்லை. மூன்று வருஷத்துக்கு முந்தைய பழுது இன்னும் அங்கேயே கிடந்தது. புருல் இரண்டு வரி சேர்த்தாள். கேட்பதற்கு முன் சிலேட்டை அழி. மைனஸ் ஒன்று வந்து சிலேட்டும் காலியாக இருந்தால், அது வெறும் குளிர்.

அதன்பின் அலாரம் அடிக்கவேயில்லை. மார்ச் முழுக்க ஷர்ஷென் தேநீர் குடித்தார், சதுரங்கத்தில் என்னிடம் தோற்றார்.

மே மாதம் தலைமைப் பொறியாளர் பதிவேட்டைப் புரட்டினார். பிப்ரவரிக்குப் பிறகு வெற்றுப் பக்கங்கள். கருவி நன்றாக இருக்கிறது, அப்புறம் கூரைக்கு ஓர் ஆள் எதற்கு என்றார். அக்டோபரில் கொதிகலனைப் பற்றவைப்பதற்கு முன் அந்த வேலையையே எடுத்துவிடப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளே புருலிடம் போனோம்.

“மைனஸ் ஒண்ணைத் திருப்பி வச்சுடும்மா,” என்றார் ஷர்ஷென்.

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. முட்டியைத் தொட்டுக் காட்டினார். பென்ஷன் கணக்கையும் சொன்னார்.

“இதை வச்சுக்கிட்டா எண்பத்துமூணு தடவை ஏறினீங்க?”

“பனியிலதான் கஷ்டம். ஏணி காஞ்சிருந்தா ஏறிடுவேன்.”

புருல் யோசித்தாள். கருவியை அவ்வப்போது யாராவது பார்ப்பதும் நல்லதுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். எத்தனை டிகிரியில் ஏணி காய்ந்திருக்கும் என்று கேட்டாள்.

தர்பூசணி பொறுக்குகிறவர்போல ஷர்ஷென் ஒவ்வோர் எண்ணாகத் தட்டிப் பார்த்தார். ஐந்தில் சில நாள் மழையும் பனியும் கலந்து விழும். பத்து நல்ல எண்தான், ஆனால் குளிர்காலத்தில் அபூர்வம், பதிவேடு நிறையாது.

“ஏழு வை,” என்றார்.

ஏழு வந்தால் கூரைச் சோதனைக்கு மணி அடிக்கும்படி எழுதினாள். பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி குறிப்பு போடப் போனாள்.

“வேண்டாம்மா. தலைமைப் பொறியாளரு படிச்சுடுவாரு.”

அடுத்த குளிர்காலத்தில் ஷர்ஷென் பத்தொன்பது தடவை ஏறினார். அவர் வேலை போகவில்லை. தலைமைப் பொறியாளர் ஒரே ஒரு நாள், ஏன் எப்போதும் ஏழு டிகிரியிலேயே அடிக்கிறது என்று என்னிடம் கேட்டார். அடியில் பழைய புரோகிராம் இருக்கிறது, அது அப்படித்தான் என்றேன். ஆமாம் என்று தலையாட்டினார்.