சிரிப்பு அடங்கும்வரை

ஞானப்பிரகாசம் அண்ணன் இறந்துபோன செய்தி எங்கள் நாடகக் குழுவின் வாட்ஸப்பில் காலை பத்தரை மணிக்கு வந்தது. சிதம்பரத்தில் என் வீட்டுச் சமையலறையில் நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய மகன் ஒரே வரியில் எழுதியிருந்தான்: "அப்பா இன்று காலை கடலூரில் காலமானார்." அதற்குக் கீழே முதல் பதிலாக, கண்ணில் நீர் தெறிக்கச் சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்று. போட்டவர் எங்கள் ஒப்பனைக்காரர் செல்வம்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. புளிக் கையைத் துடைக்கக்கூட இல்லாமல் செல்வத்தைக் கூப்பிட்டுக் கத்தினேன். "அண்ணந்தான் பையன் போன வாங்கி வெளையாடறாருன்னு நெனச்சிட்டேங்க்கா," என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் தேம்ப ஆரம்பித்துவிட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அண்ணன் மேடையில் செத்துப் பிழைத்தது எத்தனை தடவை என்று எங்கள் யாருக்கும் கணக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டு உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சிரிக்கக் கூடாத இடத்தில் அவரைப் பார்த்துச் சிரிப்பதற்கு இந்த ஊரைப் பழக்கியவர்களில் நானும் ஒருத்தி. அதைச் சொல்லாமல் இந்த அஞ்சலியை என்னால் எழுத முடியாது.

அவரை உங்களில் பலருக்கு 'நெல்லிக்குப்பம் ஞானம்' என்றுதான் தெரியும். சிலருக்கு சீரியலில் இரண்டு வருடம் வந்த வாயாடிப் பெரியப்பா. சிலருக்குச் சினிமாவில் தபால்காரர், தரகர், ஸ்டேஷனில் தூங்கும் ஏட்டு. வானொலி நாடகம் கேட்டவர்களுக்கு அந்தக் கரகரத்த குரல். வாரப்பத்திரிகையில் அவர் எழுதிய கடைசிப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருப்பவர்களையும் எனக்குத் தெரியும். இவ்வளவுக்கும் நடுவே சர்க்கரை ஆலையில் ஓய்வுபெறும்வரை குமாஸ்தா வேலை பார்த்தார். "நடிப்புக்கு லீவு போடலாம், ஆலைக்கு லீவு போட்டா எங்கப்பா குழியிலேருந்து எந்திரிச்சி வந்துடுவாரு," என்பார். அவருடைய அப்பா அதே ஆலைக்கு மாட்டுவண்டியில் கரும்பு ஏற்றிவந்தவர்.

அவர் முதலில் மேடை ஏறியது பங்குக் கோயிலில், தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளை நடித்துக்காட்டும் பாஸ்கா நாடகத்தில். வசனமே இல்லாத போர்ச்சேவகன் வேடம். ஆண்டவரின் அங்கிக்குச் சீட்டுப் போடும் காட்சியில், சீட்டு விழுந்த சேவகன் அங்கியை எடுத்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். இவர் அதைத் தன் மேல் வைத்து அளவு பார்த்திருக்கிறார். தோள்பட்டை பெரிதாக இருந்ததும் முகம் சுருங்கி, மற்ற சேவகனிடம் நீட்டி, "உனக்குச் சரியா இருக்குமா?" என்று சைகையில் கேட்டிருக்கிறார். துக்கத்தில் உட்கார்ந்திருந்த கூட்டம் மொத்தமும் சிரித்துவிட்டது. நாடகம் முடிந்ததும் பங்குச் சாமியார் கூப்பிட்டு, "ஞானம், நீ இனிமே கிறிஸ்மஸுக்கு மட்டும் வாப்பா," என்றாராம். இந்தக் கதையை அவர் வாயால் கேட்காதவர்கள் கடலூரில் இருக்க மாட்டார்கள்.

நான் புவனகிரிப் பெண். தாலுகா ஆபீஸில் தட்டச்சராக இருந்தேன். மனமகிழ் மன்றப் போட்டி ஒன்றில் நான் நடித்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்கே வந்துவிட்டார், பக்கத்தில் ஸ்டெல்லா அண்ணியையும் கூட்டிக்கொண்டு. "எனக்கு மேடையில ஒரு பொண்டாட்டி வேணும், திட்டத் தெரிஞ்சிருக்கணும்," என்று என் வீட்டுக்காரரிடமே கேட்டார். "தாராளமா கூட்டிக்கிட்டுப் போங்க. திட்டுற வேலைக்கு நான் உத்தரவாதம்," என்றார் என் வீட்டுக்காரர். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடம் மேடையில் அவரை 'என்னங்க' என்றும், மேடையை விட்டு இறங்கினால் 'அண்ணே' என்றும் கூப்பிட்டேன்.

எனக்கு அவர் சொல்லிக்கொடுத்தது என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். முதல் ஒத்திகையில் என் வசனத்துக்குச் செல்வம் சிரித்தார். நான் பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அண்ணன் கையைத் தூக்கி நிறுத்தினார். "சிரிப்பு வந்தா அது மேல ஏறிப் பேசாத அமுதா. அடங்குற வரைக்கும் நில்லு. இடது புருவத்த மட்டும் லேசாத் தூக்கு. பாதிச் சிரிப்பு முழுச் சிரிப்பாயிடும்." அப்படியே செய்தேன். அது என் உடம்பிலேயே ஊறிவிட்டது. வீட்டில் பேரப்பிள்ளைகள் சிரித்தால்கூட நான் பேச்சை நிறுத்திவிட்டு நிற்கிறேன்.

அந்தச் சாவு நாடகத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டாம் காட்சியில் அவர் செத்துப்போவார். நான் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பேன். "எந்திரிங்க! வந்தவுங்கெல்லாம் காபி கேக்குறாங்க, இந்த வீட்ல டிகாஷன் போடத் தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதானே, எந்திரிங்க!" கடைசிக் கடைசியாகக் கூட்டமே என்னோடு சேர்ந்து 'எந்திரிங்க' என்று கத்தும். பரங்கிப்பேட்டையில் ஒருமுறை மின்சாரம் போய் மைக் நின்றுவிட்டது. என் வசனம் முழுவதையும் ஜனங்களே சொல்லி முடித்தார்கள். காய்கறிக் கடையில் நான் பேரம் பேசினால் பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

ஓய்வுபெற்ற பிறகு அவர் 'வண்டி வரிசை' என்ற நாவலை எழுதினார். அதற்கு முன் இரண்டு நகைச்சுவைப் புத்தகங்கள் வந்திருந்தன. அவற்றை எழுதும்போது பக்கத்துக்குப் பக்கம் போனில் படித்துக்காட்டுவார். இதைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. நான்கு வருடம் எழுதியிருக்கிறார். அச்சாகி வந்ததும் எடுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்து, "சிரிக்க ஒண்ணுமில்ல. எங்கப்பா கதை," என்றார். வெளியீட்டு விழாவில் ஒரு பக்கம் படிக்க வேண்டும் என்றும் கேட்டார். "வேற யார்னா படிச்சா எனக்கு மனசு ஒப்பாது, நீதான் படிக்கணும்."

அந்தப் பக்கம் இதுதான். வெட்டிய கரும்போடு ஆலை வாசலில் வண்டிகள் மூன்று நாளாக வரிசையில் நிற்கின்றன. அப்பாவின் மாடு ஒன்று நுகத்தடியிலேயே படுத்துச் செத்துவிடுகிறது. அவருக்கு அது தெரியும். ஆனாலும் கேட் திறந்ததும் குனிந்து அதன் காதில் சொல்கிறார்: "எந்திரிடா ராசா. கேட்டத் தொறந்துட்டான். நம்ம மொற வந்துடுச்சி."

வீட்டில் நான் அதைத் தனியாகப் படித்தபோது அழுதேன். அழுதுவிட்டு, நன்றாகப் படிக்க வேண்டுமே என்று பென்சிலை எடுத்து, நாடகப் பிரதியில் செய்வதுபோல நிறுத்த வேண்டிய இடங்களில் எல்லாம் கோடு போட்டு வைத்தேன். என் குரலுக்கு இந்த ஊரில் என்ன அர்த்தம் ஆகிவிட்டது என்பது மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை.

விழா சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நடந்தது. நல்ல கூட்டம். எல்லாம் நாடகத்துக்கு வந்து பழகிய முகங்கள். நான் மைக் முன்னால் போய் நின்றதுமே சிலர் சிரிப்பதற்குத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். படித்தேன். "எந்திரிடா ராசா" என்றேன். மூன்றாவது வரிசையில் யாரோ பக்கென்று சிரித்தார். நான் நின்றேன். சிரிப்பு பரவியது. என் இடது புருவம் மேலே போனது.

யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நான் தொடர்ந்து படித்திருந்தால் அந்த ஒற்றைச் சிரிப்பு அங்கேயே செத்திருக்கும். பத்து விநாடி நின்றேன். மண்டபம் அதிர்ந்து அடங்கியதும், "நம்ம மொற வந்துடுச்சி" என்று முடித்தேன். கைதட்டினார்கள். பின்னாலிருந்து ஒருவர் "டிகாஷன்!" என்று கத்தினார். திரும்பி மேடையைப் பார்த்தேன். அண்ணன் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி மைக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வரிசையில் ஸ்டெல்லா அண்ணி மடியில் இருந்த புத்தகத்தை மூடிவைத்தார்.

ஏற்புரைக்காக அவர் இரண்டு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். எழுந்தார், தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், பாஸ்கா சேவகன் கதையை ஆரம்பித்தார். கால்மணி நேரம் ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இப்படி ஒரு புத்தக விழாவைப் பார்த்ததில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த வாரம் ஒரு பத்திரிகையில் 'சிரித்து மகிழ ஒரு நாவல்' என்று வந்தது. படித்துப் பார்த்து எழுதியதாகத் தெரியவில்லை.

விழா முடிந்து கடலூர் பஸ் ஏற்றிவிடப் போனேன். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். நான் வாயெடுப்பதற்குள் அவரே சொன்னார்: "நல்லா நின்ன அமுதா. அடங்குற வரைக்கும் நின்ன பாரு, அதான் தொழில்." பாராட்டினாரா, நொந்து சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். அண்ணி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பஸ் போய்விட்டது.

மன்னிப்புக் கேட்க இன்னொரு வாய்ப்பும் வந்தது. பிச்சாவரத்தில் ஒரு குறும்படத்துக்காகப் படகுத்துறையில் வெயில் தாழக் காத்திருந்தோம். அவருக்குப் படகோட்டி வேடம், துடுப்புப் பிடிக்கத் தெரியாமல் உண்மைப் படகோட்டியிடம் பேச்சு வாங்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். புவனகிரிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தது. "மாடு செத்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எங்கப்பாவுக்குப் போன் போட்டேன். அவரும் வண்டிக்காரர்தான். என்ன பேசுவதென்று தெரியாமல், சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்டேன்." மடிப்பெல்லாம் கிழியும் அளவுக்கு அந்தக் கடிதம் நைந்திருந்தது. நான் படித்து முடிக்கும்வரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னது வேறு. "இத லேமினேஷன் போட்டு வச்சிக்குங்கண்ணே, இன்னும் ரெண்டு தடவ படிச்சா தூளாயிடும்," என்றேன். இருபத்திரண்டு வருடமாக நாங்கள் இருவரும் இப்படித்தானே பேசிப் பழகியிருக்கிறோம். "ஆமா இல்ல?" என்று அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு என்னிடம் அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசவேயில்லை. வேறு புத்தகமும் எழுதவில்லை.

அடக்கத்துக்குக் கடலூர் போனேன். கோயிலில் நிற்க இடமில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் போய் அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. என் அழுகைச் சத்தம் எப்படி இருக்கும் என்று இந்த ஊருக்குத் தெரியும். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி என் தோளைத் தொட்டு, "நீங்கதானே அந்த எந்திரிங்க அம்மா?" என்றார். கேட்கும்போதே அவர் உதட்டில் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார்.

நாலு நாள் கழித்து ஸ்டெல்லா அண்ணி போன் செய்தார். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்திருக்கிறார்கள், நான் பேச வேண்டும் என்றார். "நாடகத்துலேருந்து ரெண்டு ஜோக்கு எடுத்து உடச் சொல்லிக் குழுல சொல்றாங்க அமுதா. உனக்கு என்ன தோணுதோ செய்யி."

அப்போதுதான், அவர் இல்லாமல்போன பிறகு, வெளியீட்டு விழாவில் செய்ததற்கு அவர் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். அண்ணி சொன்னார்:

"அன்னைக்கு வூட்டுக்கு வந்ததும் ஒண்ணு சொன்னாரு. 'எங்கப்பாவுக்கு மொத மொதல்ல ஜனங்க கை தட்டுனாங்க ஸ்டெல்லா'ன்னாரு. சொல்லிட்டு, சட்டையக்கூடக் கழட்டாம அப்படியே உக்காந்திருந்தாரு."

"கோவமா இருந்தாரா அண்ணி?"

"தெரியல அமுதா. நான் கேக்கல. ஏன் அதுக்கப்புறம் எழுதலன்னும் கேக்கல. அவுரு சிரிக்க வச்சிக்கிட்டே இருந்தாரு, நானும் சிரிச்சிக்கிட்டே இருந்துட்டேன்."

அவரிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அன்று நான் கையில் வைத்துப் படித்த அந்தப் பிரதிதான். நேற்று மாலை பேத்தியிடம் ரப்பர் வாங்கி, நான் போட்டுவைத்த பென்சில் கோடுகளையெல்லாம் அழித்தேன். தாளில் தடம் மட்டும் லேசாகத் தெரிகிறது.

முப்பதாம் நாள் கூட்டத்துக்கு எல்லோரும் வாருங்கள். நான் ஜோக் சொல்லப்போவதில்லை. அந்த ஒரு பக்கத்தைத்தான் படிக்கப்போகிறேன், என்னிடம் இருக்கும் இதே குரலில்தான் படிக்க முடியும். பழக்கத்தில் உங்களில் யாருக்காவது சிரிப்பு வந்தால் வரட்டும், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அண்ணே, இந்த முறை நான் நிற்க மாட்டேன். சிரிப்பு மேலேயே ஏறிப் படித்துக்கொண்டு போவேன், உங்கள் அப்பாவின் வண்டி கேட்டைத் தாண்டி உள்ளே போகும்வரை.