வெறும் வயிறு நிறைந்திருந்தது

மதுரையில் எனக்கு ஆபரேஷன் நடந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நீர்ப்பையில் புற்று என்று அதை எடுத்துவிட்டு, என் குடலிலேயே ஒரு துண்டை வெட்டி, பை மாதிரித் தைத்து வைத்திருந்தார்கள். "இனிமே ஒண்ணுக்கு முட்டாது, மணி பார்த்துத்தான் போகணும், தண்ணி நெறையக் குடிக்கணும்" என்று சொல்லி அனுப்பினார்கள். சரி சரி என்று தலையை ஆட்டினேன். ஒன்றும் விளங்கவில்லை. முட்டாமல் எப்படிப் போவது? எங்கள் ஊரில் பொம்பளைகள் மிளகாய்க் கொல்லையில் நின்றால் பொழுது சாய்கிறவரைக்கும் அடக்குவோம். அடக்குவதைத்தான் நான் படித்திருந்தேன். அடக்குவதற்கே ஒன்றும் இல்லை என்றால்?

மருமகள்தான் தன் செல்போனில் அலாரம் வைத்தாள். அது கூவும்போதெல்லாம் போவேன். அங்கே உட்கார்ந்தால் எந்த இடத்தை முக்குவது, எந்த இடத்தை விடுவது என்று தெரியாது. குனிந்து, அடிவயிற்றைக் கையால் அமுக்கினால் வரும். வெள்ளை வெள்ளையாகக் கோழையும் கூடவே வரும். குடலிலிருந்து வருவது மூத்திரம்தானா என்றுகூட எனக்குச் சந்தேகம். யாரிடம் கேட்பது?

ஆடி அமாவாசை வந்தது. என் வீட்டுக்காரருக்குத் திதி கொடுக்க மகன், மருமகள், நான் மூன்று பேரும் எங்கள் ஊர் சிக்கலிலிருந்து முதல் பஸ்ஸில் ராமேஸ்வரம் புறப்பட்டோம். அமாவாசைக்கு நான் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருப்பது வழக்கம். வீட்டுக்கு வந்து காக்கைக்குச் சோறு வைத்த பிறகுதான் எல்லாம். அன்றைக்கு அதில் இன்னொரு கணக்கும் போட்டேன். குடலுக்குள் ஒன்றும் இறங்காவிட்டால், குடலால் தைத்த பைக்கு மட்டும் எங்கிருந்து வரும்? விரதமும் ஆச்சு, ஊர் பேர் தெரியாத இடத்தில் கக்கூஸ் தேடுகிற வெட்கமும் மிச்சம்.

அக்னி தீர்த்தக் கரையில் மகன் பிண்டம் வைக்க உட்கார்ந்தபோது அலாரம் கூவியது. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அத்தை, போயிட்டு வந்துருவமா?"

"அதெல்லாம் போயிட்டேன்."

"எப்பப் போனீக? நான் இங்கனயேதான நிக்கிறேன்."

"சும்மா கெட தாயி. ஆம்பளைக நிக்காக."

திதி முடிந்து கோயிலுக்குள் தீர்த்தமாடப் போனோம். செல்போனை உள்ளே விடமாட்டார்கள் என்று வெளியே நின்ற மகனிடம் கொடுத்துவிட்டு வந்தாள் மருமகள். கிணற்று மேட்டில் நின்றவர்கள் வாளி வாளியாக மொண்டு தலையில் ஊற்றினார்கள். நாலாவது கிணறோ அஞ்சாவதோ, வயிறு திம்மென்று நிறைந்த மாதிரி இருந்தது. கல்யாண வீட்டில் பந்தி முடிந்து எழுந்தால் இருக்குமே, அப்படி. எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. ஒரு வாய் சாப்பிடவில்லை, எதனால் நிறைகிறது? தீர்த்தம்தான் உள்ளே போய்விட்டதா? வாயுவாக இருக்கும் என்று அடுத்த கிணற்றுக்கு நடந்தேன்.

அப்புறம் தொடையில் வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது. கிணற்றுத் தண்ணீர் என்றால் குளிர்ந்தல்லவா இருக்கும்? சேலை முழுக்க நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. எது தீர்த்தம், எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. கோயில் தரையைத் தீட்டுப் பண்ணிவிட்டேனா? சுவரோரம் குந்திவிட்டேன். எழ முடியவில்லை. வயிறு கல்லாக இருந்தது.

மருமகள் ஓடி வந்தாள். "அத்தை, என் மேல சத்தியமாச் சொல்லுங்க. கடேசியா எப்பப் போனீக?"

"வீட்டுல."

"வீட்டுலயா! மணி பத்தாச்சு! தண்ணி?"

"விரதம்ல தாயி."

"நல்ல விரதம் போங்க. மாமாவுக்குத் திதி குடுக்க வந்த எடத்துல உங்களுக்கும் சேத்துக் குடுத்துட்டுப் போகச் சொல்லுறீகளா?"

பொம்பளைகள் குளியலறைக்குக் கூட்டிப் போனாள். குனிந்தேன், அமுக்கினேன், முக்கினேன். ரெண்டு சொட்டு. வெடித்துவிடுமோ என்ற பயம் அப்போதுதான் வந்தது. தையல் போட்ட பை அல்லவா? ஈரச் சேலையோடு ஆட்டோ பிடித்தாள். கோயிலுக்குள் சாமி பார்க்காமலே வெளியேறினேன்.

ஆஸ்பத்திரியில் மருமகளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். என் மருமகளைவிடச் சின்ன வயது இருக்கும் அந்த நர்ஸுக்கு. "என்ன பாட்டி, நீர்க்கடுப்பா?" என்றாள். அவள் பாட்டுக்கு வேறு வைத்தியம் பண்ணிவிடுவாள் போலிருந்தது. இதுவரை வெளியாள் யாரிடமும் என் வாயால் சொன்னதில்லை. மருமகள்தான் சொல்லுவாள், நான் சுவரைப் பார்ப்பேன். இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டே நான்தான் சொன்னேன்.

"எனக்கு நீர்ப்பையே இல்ல தாயி. குடலை வெட்டி தச்சிருக்கு. காலைலருந்து போகலை."

அவள் சிரிக்கவில்லை. டாக்டரைக் கூப்பிட்டு வந்தாள். குழாய் விட்டார்கள். கோழை கட்டி அடைத்திருந்ததாம், ஊசியால் அந்தக் குழாய்க்குள் உப்புத் தண்ணீர் ஏற்றி இழுத்தார்கள். பிறகு வந்தது, வந்துகொண்டே இருந்தது. குடிக்காத தண்ணீர் இவ்வளவு எங்கே இருந்தது என்று நான் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

"நீங்க குடிக்காட்டியும் ஒடம்புல நீர் ஊறிக்கிட்டேதான் பாட்டி இருக்கும். தண்ணி கொறஞ்சா கோழை கெட்டியாப் போயி அடைக்கும்" என்று சொல்லி நர்ஸ் ஒரு பாட்டில் தண்ணீரை நீட்டினாள். மகன் இன்னும் காக்கைக்குச் சோறு வைக்கவில்லை. அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவள் கையை எடுக்கவில்லை. வாங்கிக் குடித்தேன். பாதியில் அழுகை வந்தது, எதற்கென்று தெரியவில்லை.

வயிறு இழுத்துப் பிடித்தது. பசியா, பையா, குழாய் போட்ட வலியா, அவருக்கு இருந்த விரதத்தைப் பாதியில் விட்டதா?

"இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள் நர்ஸ், பேனாவும் சீட்டுமாக.

"தெரியலையே தாயி."

"தெரியலைன்னு எழுத இதுல எடமில்ல பாட்டி" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவளாகவே ஏதோ எழுதிக்கொண்டாள்.