திரும்பத் திறந்த கதவு

ரிம்மா ஸ்தெபானோவ்னா பாதி ஆயுளை விண்கலக் கதவுகளோடுதான் கழித்தார். கொரல்யோவ் நகரத்து விண்வெளிக் கட்டுப்பாட்டு அறையில் அவர் "சரி" என்று சொல்லாமல் ஒரு விண்கலமும் விண்வெளி நிலையத்தைவிட்டுப் பிரிய முடியாது. அதனால் அவர் கண்ணில் பட்டாலே பெரிய அதிகாரிகளுக்கும் கொஞ்சம் உதறல்தான்.

அன்று அவருக்கே உதறல். கணவர் வலேரி மருத்துவமனையில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். மேலே பல மாதம் இருந்துவிட்டு இறங்கப்போகும் மகள் யானாவை ஒருதரம் பார்ப்பதற்காகவே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ரிம்மா ஸ்தெபானோவ்னா, கதவு மூடியாச்சு," என்றது யானாவின் குரல். வேலை நேரத்தில் 'அம்மா' என்று கூப்பிடுவது கிடையாது.

விண்கலத்தின் கதவுக்கும் நிலையத்தின் கதவுக்கும் நடுவிலிருந்த காற்றை வெளியேற்றினார்கள். அந்த இடுக்கு காலியாகவே நின்றால்தான் கொக்கிகளை விடுவிக்கலாம். பிறகு விற்சுருள்கள் விண்கலத்தை மெல்லத் தள்ளிவிடும். ஆனால் திரையில் இடுக்கின் காற்றழுத்தத்தைக் காட்டும் எண் மெதுவாக ஏறியது. விண்கலத்தின் உள்ளே இருந்த காற்று எங்கோ வழியாக அதற்குள் கசிந்தது.

"கசிவு எல்லைக்குள்ளதான் இருக்கு," என்றார் பொறுப்பாளர் கென்னாடி. "இப்பத் திறந்தா நாளன்னிக்குத்தான் இறங்க முடியும். உங்க கையிலதான் இருக்கு."

நாளை மறுநாள் வரை வலேரி தாங்குவாரா? அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பதும் ரிம்மா பெற்ற பிள்ளைதான்.

"கதவைத் திறந்து அதச் சுத்தியிருக்கிற ரப்பரைத் துடைங்க," என்றார் ரிம்மா.

"கிளம்பிட்டுத் திரும்பிப் போனா ஆகாதே," என்றாள் யானா. ராக்கெட்டில் ஏறிப் போனவளுக்கும் இந்தப் பயம் மட்டும் போகவில்லை.

"கண்ணாடியில மூஞ்சியப் பாத்து நாக்க நீட்டு. எல்லாம் சரியாப் போயிடும்," என்று ஊரில் அதற்குச் செய்யும் பரிகாரத்தையே சொன்னார் ரிம்மா.

"அம்மா... அங்க அப்பா..."

"தெரியும்டி. திற."

ரப்பர் வளையத்தின் குறுக்கே ஒரு நீள முடி ஒட்டியிருந்தது. நிலையத்திலேயே தங்குகிறவர்களைக் கட்டிப்பிடித்து அழுதபோது யானாவின் கூந்தலிலிருந்து உதிர்ந்தது. துடைத்து மூடினார்கள். இம்முறை எண் அசையவில்லை. ஆனால் அன்றைக்கு இறங்கும் நேரம் கைவிட்டுப் போயிருந்தது.

ரிம்மா நேரே மருத்துவமனைக்குப் போனார்.

"கிளம்பிட்டாளா?" என்று கேட்டார் வலேரி.

"இல்ல, வலேரி. கதவு கசிஞ்சுது. நான்தான் திறக்கச் சொன்னேன். நாளன்னிக்குத்தான் வருவா." சொல்லும்போதே அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வலேரி மூச்சைச் சேர்த்துக்கொண்டு ரிம்மாவின் கையைத் தேடிப் பிடித்தார்.

"இப்பக் கசியலையே?"

"இல்ல."

"அப்பச் சரி. நான் இருக்கேன்."