கரை ஏறாத குரல்

பக்கத்தில் வந்து இருங்கள், என் செல்லங்களே. கதவைச் சாத்த வேண்டாம், இது பட்டப்பகலில் நடந்தது. நடந்ததேதான். ஷீஜா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சொல்லும்போதும் அவள் கை சில்லென்றுதான் இருந்தது.

2011. மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்துக் கடற்கரை. மீனவர் சங்கத்து வயர்லெஸ் அறையில் ஷீஜாவுக்கு வேலை. ஒரு வள்ளம் கடலில் இறங்கினால் அதன் பெயரில் கம்ப்யூட்டரில் ஒரு பதிவைத் திறப்பாள். அந்த வள்ளத்து வயர்லெஸ் செட்டில் பேசினால் மட்டும் குரல் கம்ப்யூட்டர் வழியாகக் கேட்டு, அதில் ஏறும். வள்ளம் திரும்பியதும் மைக்கில் "கரை ஏறியாச்சு" என்று சொல்லிவிட்டுப் பதிவை மூடுவாள். அதைச் சொல்லாமல் மூடவே மாட்டாள்.

அவள் தம்பி டிஜோ ஜூன் மாதக் காற்றில் கடலுக்குப் போனான். அன்று அவன் பதிவில் ஏறியது ஒரே பேச்சு: "அக்கா, காத்து மாறுது. எல்லாரையும் திரும்பச் சொல்லு."

சொன்னாள். எல்லா வள்ளமும் வந்தது. அவனுடையது வரவில்லை.

அப்பன், அம்மை முன்பே இல்லை. அதன்பிறகு அந்த வீட்டில் ஒரே ஒரு தட்டுதான் கழுவக் கிடந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் சங்கச் செயலாளர் கபிரியேல் வந்தார்.

"பேரை எடுத்துரு மக்கா. எத்தனை நாளு இப்பிடிப் பாத்துட்டு இருப்ப?"

கம்ப்யூட்டரில் அவன் பதிவின் பெயரை அழித்தாள். திறந்து கிடந்த பதிவை மட்டும் மூடவில்லை. கரை ஏறாதவனுக்கு எப்படி அந்த வார்த்தையைச் சொல்வது?

அடுத்த வாரம் டிஸ்க் நிறையத் தொடங்கியது. இருக்கிற ஃபைலையெல்லாம் கூட்டினாலும் பாதிகூட வரவில்லை. இடம் மட்டும் குறைந்துகொண்டே போனது. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் அஜினுக்கு ஃபோன் போட்டாள்.

"ஃபோல்டர்னா பெட்டின்னா நெனச்ச அக்கா? அதுல பேரும், பேருக்கு நேரா ஒரு நம்பரும்தான் கெடக்கும். சரக்கு அந்த நம்பர்ல தனியா இருக்கும். தனக்கு என்ன பேருன்னு அதுக்கே தெரியாது. நீ அழிச்சா பேருதான் போவும். ஏதாவது புரோகிராம் திறந்து வச்சிருந்தா, அது பேரில்லாமலே உயிரோட கெடக்கும்."

"வளருமா?"

"எழுத ஆளிருந்தா வளரும்."

ஷீஜா ஃபோனை வைத்தாள்.

வெளியே மழை. பகல் மணி இரண்டு இருபது. அஜின் சொல்லிக்கொடுத்தபடி, திறந்து கிடப்பவற்றைத் திரையில் வரவழைத்தாள். ஒன்றின் ஓரத்தில் 'அழிக்கப்பட்டது' என்று இருந்தது.

டிஜோவின் பதிவு.

அளவைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். கூடியிருந்தது.

ஹெட்போனை மாட்டினாள்.

கர்ர்... கர்ர்... பலகையில் தண்ணீர் மோதும் சத்தம்.

பிறகு...

"அக்கா... கேக்கியா?"

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஒருத்தரும் பதிலு சொல்லமாட்டங்காவ அக்கா..."

தடதடவென்று கதவு. கபிரியேல்.

"ஏட்டி, டிஸ்க் நிறைஞ்சு கம்ப்யூட்டர் நிக்கப் போகுதுன்னு அஜின் சொல்லுதான். நாலு வள்ளம் கடல்ல கெடக்கு. அவனுவ கூப்பிட்டா யாருக்குக் கேக்கும்?"

நகல் எடுக்க இடமில்லை. மூடினால்... பெயரும் இல்லை, பிடித்துவைக்க ஆளும் இல்லை. அந்த நொடியே அந்தக் குரல் இல்லாமல் போகும். அவளுக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

மைக்கை எடுத்தாள்.

"ஏலே டிஜோ... கரை ஏறியாச்சு மக்கா."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"சரி அக்கா."

மூடினாள்.

டிஸ்க்கில் இடம் திரும்பி வந்தது. கடலில் கிடந்த நாலு வள்ளத்துக் குரலும் ஒவ்வொன்றாகக் கேட்டது.

சாயங்காலம் அஜின் வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே ஒரு வயர்லெஸ் செட்.

"டிஜோக்க செட்டு அக்கா. கடைசியாப் போறதுக்கு முந்தின நாளே ரிப்பேருக்குன்னு என் கடையில போட்டுட்டுப் போனான். செட்டு இல்லாமதான் கடலுக்குப் போனான். நீ அறிஞ்சிருப்பன்னு நெனச்சேன்."

பேட்டரி இருக்கும் இடம் காலியாக இருந்தது.

அப்படியென்றால், அன்று காற்று மாறுது என்று சொன்னது...? அத்தனை வள்ளத்தையும் திருப்பி அனுப்பியது...?

ஷீஜா யாரிடமும் கேட்கவில்லை. நானும் அவளிடம் கேட்கவில்லை.

போய்ப் படுங்கள், கண்ணுகளே. உங்கள் வீட்டிலிருந்து தூரம் போன ஒவ்வொருவரும் நல்லபடியாகப் படி ஏறி வரட்டும். அவர்கள் கூப்பிடும்போது 'கேக்கேன்' என்று சொல்ல உங்கள் வீட்டில் எப்போதும் ஒரு ஆள் இருக்கட்டும்.