சத்தம் போடாத வண்டி

நான் பயந்தாங்கொள்ளி. லிஃப்டில் ஏறினால் கதவு திறக்கும்வரை மூச்சு விடமாட்டேன். அப்படிப்பட்டவன் போன வருடம் ஒரு பழைய எலெக்ட்ரிக் கார் வாங்கினேன். சாதாரணக் கார்கூட இல்லை. குடும்பத்துக்கு என்று சொல்லிக்கொண்டு பந்தய வேகத்தை உள்ளே மறைத்து வைத்திருக்கும் பெரிய கார்.

வாங்கச் சொன்னது என் மனைவி. வல்லம் வடகால்காரி. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷினில் நின்று, கார் கதவுக்கான தகட்டை நாள் முழுக்க அழுத்தி எடுப்பவள். நான் சங்கரன்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்து, அதே ரோட்டில் இன்னொரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்ப்பவன். கல்யாணமான நாளிலிருந்து பைக்தான். முன்னால் மகன், நடுவில் மகள், பின்னால் அவள். கன்டெய்னர் லாரி உரசுகிற மாதிரிப் போகும்போதெல்லாம் எனக்கு ஈரக்குலை நடுங்கும்.

"ஊருக்கெல்லாம் கதவு செய்றேன், எனக்கு ஒரு கதவு கெடையாதா?" என்றாள் ஒருநாள்.

எங்கள் மேனேஜர் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறார், காரை விற்கப் போகிறார் என்று தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரே எங்களை ஏற்றிக்கொண்டு ஒரகடம் பெரிய ரோட்டுக்கு வந்தார். "நல்லா சாஞ்சு உக்காருங்க" என்று சொல்லிவிட்டு மிதித்தார். என் பின்மண்டை சீட்டில் போய் ஒட்டிக்கொண்டது. வயிறு மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. பிள்ளைகள் "இன்னொரு வாட்டி அங்கிள்!" என்று கத்தின. என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. அந்தச் சிரிப்புக்காகத்தான் சரி என்றேன். ஆனால் இது என் காலுக்கு அடங்குமா, என் பெண்டாட்டி பிள்ளைகளை நானே ஏதாவது செய்துவிடுவேனோ என்ற பயம் அன்றே வந்து நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது.

வண்டி வீட்டுக்கு வந்த பிறகு சார்ஜ் போடும்போதெல்லாம் ஒயர் சுடுகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். வெள்ளத்தில் நின்ற வண்டியோ என்று கால்மிதியைத் தூக்கி மோந்து பார்த்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று மாமியார் ஜாடையாகச் சொன்னார். "வண்டி ஒண்ணும் கடிச்சிடாது, ஏறுங்க" என்பாள் மனைவி.

நாள் பார்த்து வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் பூஜை போடப் போனோம். குருக்கள் காருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். "ஸ்டார்ட் பண்ணிட்டேளா?" என்று கேட்டார். பண்ணியிருந்தேன். பிரேக்கை அழுத்திக்கொண்டு கியரும் போட்டிருந்தேன். வண்டியிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. "மெதுவா எடுங்கோ" என்று ஒதுங்கிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து இடது பக்கப் பழம் உருண்டிருக்கிறது. ஓரமாக நின்ற மனைவி அதைத் தள்ளிவைக்கக் குனிந்திருக்கிறாள். உயரமான பானட் அவளை முழுசாக மறைத்துவிட்டது. பிள்ளைகளிடம் போயிருப்பாள் என்று நினைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலேட்டரில் வைத்தேன். மிதிக்கக்கூட இல்லை. வண்டி துள்ளியது.

மாமியார் அலறியதும் என் கால் பிரேக்கில் விழுந்ததும் ஒன்றாக நடந்தன. குருக்கள் இரண்டு கையாலும் பானட்டை அறைந்தார். "கீழ அம்மா இருக்கா சார்!"

கை தப்பியிருந்தது. முந்தானை சக்கரத்துக்கு அடியில். தோளில் பின் குத்திய பட்டுப்புடவை, எழுந்திருக்க முடியவில்லை. கன்னம் டயரோடு ஒட்டியிருக்கிறது என்று மாமியார் ஜன்னல் வழியாகச் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பிரேக்கை விட்டால் நகர்ந்துவிடுமோ என்று இறங்கவும் பயம்.

"கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்க சார்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அதே காலால், அதே வண்டியை, அவள் முகம் சக்கரத்தில் இருக்கும்போது நான் அசைக்க வேண்டுமாம். முன்னுக்கு எது, பின்னுக்கு எது என்பதே மறந்துபோயிற்று.

"எடுங்க, ஒண்ணும் ஆவாது" என்று கீழேயிருந்து அவள் குரல் வந்தது.

"ஏட்டி, என்னால முடியாது" என்றேன். அத்தனை பேர் முன்னால் அழுதேன். பார்க்கிங் பொத்தானை அழுத்தி வண்டியை அணைத்தேன். தேங்காய்க்கடை அக்கா கத்தியோடு ஓடிவந்து முந்தானையை அறுத்துவிட்டார்.

எழுந்தவள் என்னைத் திட்டவில்லை. "சத்தமே இல்ல. ஆஃப்ல கீதுன்னு நெனச்சேன்" என்றாள். அவள் மெஷினில் தகடு சிக்கினால் நிறுத்திவிட்டு, சத்தம் முழுசாக அடங்கிய பிறகுதான் கையை உள்ளே விட்டு எடுப்பார்கள். பன்னிரண்டு வருடமாக அப்படிப் பழகிய காது. பத்து விரலும் இன்னும் அவளிடம் இருப்பது அதனால்தான். அந்தக் காதை நம்பித்தான் என் சக்கரத்துக்கு முன்னாலும் குனிந்திருக்கிறாள்.

மறுநாள் அவளுக்குக் காலை ஷிப்ட். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"தகடு சிக்கிக்கிச்சு. மெஷின நிறுத்திட்டேன். சத்தமும் அடங்கிடுச்சு. ஆனா கை உள்ள போவலங்க. சூப்பர்வைசர் கத்திக்கினே கீறாரு, எனக்குக் கை போவவே இல்ல."

வலது கையை நீட்டிக் காட்டினாள். பயப்படாதே என்று சொல்ல வாயெடுத்தேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?